புகைத் தகட்டின் துளைகள்

மலர்,

போன ஞாயிற்றுக்கிழமை வள்ளியம்மா வீட்டுக்கு நீ போன் செய்தபோது ஒன்று கேட்டாயே, அதற்கு அங்கேயே நின்றபடி இரண்டு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். "பிளாஸ்டிக்ல சின்னதா ஓட்டை போட எதும்மா வாங்கணும்? நீ அப்போ எதை வெச்சுப் போட்டே?" என்றாய். மாப்பிள்ளை ஒரு பிளாஸ்டிக் விமானம் வாங்கி வந்திருக்கிறார், பெட்டிக்குள் துண்டு துண்டாக இருக்கிறது, ஒட்ட ஆரம்பித்துவிட்டாய், வாலுக்கும் முதுகுக்கும் நடுவே கம்பி இழுக்கத் துளை வேண்டும் என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாய். வள்ளியம்மா ரசத்தைக் கொதிக்க விட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் யோசித்து எழுதுகிறேன் என்றேன். நீ சிரித்தாய். "இதுக்கு என்னம்மா யோசனை? சும்மா பொழுது போகணும்ல, அதுக்குத்தான்" என்றாய். உன் வயதில் நானும் அதையேதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொழுது போகாமல் யாரும் செத்ததில்லை. மூச்சு முட்டுகிறது என்று சொல்ல வெட்கமாக இருக்கும்போதுதான் நாம் பொழுது போகவில்லை என்கிறோம்.

அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும், உன் மாமியாரும் படிக்கட்டும், இதில் மறைக்க ஒன்றுமில்லை. இந்த மாதத்தோடு உன் அப்பாவுக்கு வேலை முடிகிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வேப்பம்பட்டு வீட்டுக்குப் போகிறோம். பாத்திரங்களைச் சாக்கில் கட்டியாகிவிட்டது. எஞ்சியிருப்பது இந்த நாற்காலியும், ஒரு பேனாவும், பீரோ மேலிருந்து இறக்கிய அட்டைப் பெட்டியும்தான். அந்தப் பெட்டி உனக்கு ஞாபகம் இருக்கும்.

முதலில் கேட்டதற்குப் பதில். மோட்டார் வைத்தது எதையும் வாங்காதே. கடைக்காரன் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவான். மோட்டார் சுற்றுகிற வேகத்தில் பிளாஸ்டிக் அறுபடாது, உருகும். உருகினது துளைக்கிற கம்பியிலேயே, அதாவது பிட்டிலேயே சுற்றிக்கொள்ளும், வெளியே இழுத்தால் துளையின் வாயையும் பிய்த்துக்கொண்டு வரும். பின் வைஸ் என்று கேள். பேனா கனத்தில் பித்தளைக் கைப்பிடி, முனையில் பிட்டைக் கவ்விக்கொள்கிற வாய், பின்னால் தனியாகச் சுழல்கிற ஒரு தொப்பி. தொப்பியை உள்ளங்கையில் அணைத்துக்கொண்டு விரலால் உருட்ட வேண்டும். அந்தத் தொப்பி சுழலாமல் இறுகிக் கிடந்தால் வாங்காதே, உள்ளங்கை தோல் உரிந்துவிடும். வாயைத் திருகி மூடி வெளிச்சத்தில் பார், நடுவில் இடைவெளி தெரிந்தால் மெல்லிய பிட் அதில் நிற்காது. பிட் எஃகில் வாங்கு. இதைவிடக் கடினமானது உண்டு, மினுமினுப்பாக இருக்கும், விலையும் அதிகம் சொல்வார்கள். அது மெஷினுக்கு. மனுஷன் கை கொஞ்சம் சாயத்தான் செய்யும். சாய்ந்தால் அது பட்டென்று முறியும், எஃகு வளைந்து கொடுக்கும்.

இது எல்லாமே நான் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. என் தம்பி, உன் மாமா, குவைத்திலிருந்து முதல் தடவை லீவில் வந்தபோது உனக்குத் தலைமுடி வைத்த பொம்மை கொண்டு வருவான் என்று பார்த்தால் பீரங்கி வண்டியைக் கொண்டு வந்தான். பெட்டி நிறையப் பச்சை பிளாஸ்டிக் துண்டுகள். மச்சான் வேலை பார்ப்பது பீரங்கி வண்டி செய்கிற தொழிற்சாலையில்தானே, ஆசைப்படுவார் என்று நினைத்திருக்கிறான். உன் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து பெட்டி மேலிருந்த படத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் பாயில் படுத்துவிட்டார். "நாள் முழுக்க இதைத்தான் பாக்குறேன், வீட்டுக்கு வந்துமா?" என்றார். நீ அப்போது நாலாம் வகுப்பு. இரண்டு சக்கரத்தைப் பிய்த்து ஒட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாய். பெட்டி என் மடியில் மிஞ்சியது.

என் மடியில் அப்போது வேறு ஒன்றும் இல்லை, மலர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஆவடிக்கு வந்தபோது எல்லோரும் என்னை அதிர்ஷ்டக்காரி என்றார்கள். அரசாங்க வேலை, அரசாங்க வீடு. பள்ளிக்கூடம் வேலிக்குள்ளே, ஆஸ்பத்திரி வேலிக்குள்ளே, ரேஷன் கடை, கோயில், மாரியம்மன் திருவிழா எல்லாமே வேலிக்குள்ளே. வெளியே போகாதே என்று யாரும் என்னைச் சொல்லவில்லை, போக வேண்டிய அவசியமே இல்லாமல் செய்து வைத்திருந்தார்கள். உன் அப்பா நல்ல மனிதர்தான். ஆனால் உள்ளே நடக்கிற எதையும் வீட்டில் பேசக்கூடாது என்று உத்தரவு இருந்ததால் வீட்டில் பேச அவருக்கு ஒன்றுமில்லாமல் போனது. சாப்பாடு, தூக்கம், சைரன். சைரன் ஊதினால் எழுந்து, சைரன் ஊதினால் உலை வைத்து, நான் அங்கே சம்பளமில்லாத ஆளாக இருந்தேன். எனக்கென்று இருந்தது கொல்லையில் துணி காயப்போடும் கொடி ஒன்றுதான். அங்கே நின்றால் முள்வேலி தெரியும். முள்வேலிக்கு அப்பால் பொட்டல். அந்தப் பொட்டலில்தான் புது வண்டிகளை ஓட்டிப் பார்ப்பார்கள். காலையில் துணி உதறும்போது ஒன்று உறுமிக்கொண்டு வரும், புழுதி கிளம்பும், ஊரே அதிரும். எங்கேயோ போகிற ஒன்றைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கு. அது சுற்றிச் சுற்றி அதே பொட்டலில்தான் ஓடியது என்பது வேறு.

அந்தக் குட்டி வண்டியை ஒட்ட ஆரம்பித்தேன். ஒட்டுவது சுலபம், துளைதான் பாடாய்ப் படுத்தியது. பீரங்கிக் குழாயின் முனை அடைத்துக்கொண்டு குச்சியாட்டம் நின்றது. ஊசியைச் சிம்னி விளக்கில் காய்ச்சிக் குத்தினேன், சுற்றிலும் அம்மைத் தழும்பு மாதிரி விளிம்பு எழும்பிவிட்டது. உன் காம்பஸ் முனையால் திருகினேன், துளை ஒரு பக்கம் நழுவிக்கொண்டு போனது. பக்கத்து வீட்டு வள்ளியம்மாவின் வீட்டுக்காரர் கரண்ட் டிரில் வைத்திருந்தார். அவளே அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "குடுமே நானு போட்றேன்" என்று என் கையிலிருந்து குழாயைப் பிடுங்கினாள். சொருகிய வேகத்தில் குழாய் பிட்டோடு சேர்ந்து சுற்றி, கரிந்த நாற்றத்தோடு பறந்துபோய்ச் சாம்பார் சட்டிக்குள் விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அடுத்த லைன் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வள்ளியம்மாவுக்குப் பூர்வீகம் கள்ளிக்குப்பம். அவள் அப்பா அங்கே வயல் வேலை பார்த்தவர். வயலெல்லாம் மனையான பிறகு மருமகனுக்கு இங்கே வேலை கிடைத்தது. எனக்கு மெட்ராஸ் பாஷையும் மெட்ராஸ் தைரியமும் கொஞ்சம் ஒட்டியதென்றால் அவளிடமிருந்துதான்.

உன் அப்பா நினைத்திருந்தால் உள்ளேயிருந்து ஒரு பிட் கொண்டு வந்திருக்கலாம் என்று நீ நினைப்பாய். அவர் ஒரு திருகாணிகூடக் கொண்டு வந்ததில்லை. ஆகவே நானேதான் தேடிக்கொண்டு கிளம்பினேன். ஆவடி பஜாரில் கடிகாரம் பழுது பார்க்கிறவரிடம் இந்தப் பின் வைஸ் கிடைத்தது. "ஊட்டுக்காரரு வாட்ச் வேலை செய்றாரா?" என்றார். "இல்ல, நான்" என்று ஏன் சொன்னேனோ, மீதிச் சில்லறையை எண்ணாமலே கடை இறங்கி நடந்தேன். வள்ளியம்மாவின் தங்கை அம்பத்தூரை ஒட்டிய பாடியில் ரேடியோ போர்டு செய்கிற கம்பெனியில் இருந்தாள், அங்கே கழித்துப் போட்ட மினுமினுப்பு பிட்டுகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். ஒவ்வொன்றாக என் கையில் முறிந்தன. கடைசியில் அம்பத்தூருக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போய் எஃகு பிட் வாங்கினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் தனியாகப் பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து டிக்கெட்டை விரலில் சுருட்டிக்கொண்டே போனேன். பிட் தேடுகிறேன் பேர்வழி என்று நான் எதைத் தேடிப் போனேன் என்பது இப்போது புரிகிறது.

துளை போடும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாய். குண்டூசியால் முதலில் ஒரு குறி. அந்தக் குறியில் பிட்டை நட்டுக்க நிறுத்தி, அழுத்தாமல் உருட்டு. நாலு உருட்டுக்கு ஒரு தரம் வெளியே எடுத்துச் சுருளை ஊதிவிடு. பிட் முனையில் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்துக்கொள். பெரிய துளை வேண்டுமானால் சின்னதில் ஆரம்பித்து அகலப்படுத்து. கடைசியில் பெரிய பிட்டைத் துளையின் வாயில் வைத்து ஒரு சுற்று சுற்றினால் பிசிறு போய்விடும். அப்போதெல்லாம் நீ ஒன்றும் கேட்கமாட்டாய், பார்த்துக்கொண்டே இருப்பாய். பீரங்கி முனையில் கறுப்பாகக் குழி தெரிந்தபோது கைதட்டினாய்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பொம்மை வண்டியின் பக்கவாட்டில், புகை வெளியே வருகிற இடத்தில், வழவழவென்று ஒரு தகடு இருந்தது. பெட்டிப் படத்திலும் அப்படித்தான். ஆனால் நான் தினமும் பார்க்கிற வண்டிகளில் அண்மையில் வந்த ஒன்றிரண்டில் அந்தத் தகட்டில் துளைகள் இருந்தன. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, ஓரத்தில் மட்டும் ஒன்று விட்டுப்போயிருக்கும். துளை வழியாகப் புகை இழையிழையாக வரும். துணி காயப்போடுகிறவளுக்குப் புகை எந்தப் பக்கம் வருகிறது என்பதில் கண் இருக்காதா? வெளிநாட்டுக்காரன் மறந்துவிட்டான் போல என்று நினைத்து, அந்தத் தகட்டில் அத்தனை துளைகளையும் போட்டேன். ஓரத்தில் ஒன்றை விட்டேன். அவ்வளவு திருத்தமாக வாழ்க்கையில் வேறு எதையும் நான் செய்ததில்லை. உன் அப்பா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, துளை வழியாக வெளிச்சம் வருவதைப் பார்த்துவிட்டு, "நீயா போட்டே?" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பெருமைதான் வினையானது. ஆயுத பூஜைக்கு மட்டும் தொழிற்சாலைக் கதவைக் குடும்பங்களுக்குத் திறப்பார்கள், உனக்குத் தெரியுமே. பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவுமாக எல்லாப் பெண்களும் அன்றுதான் புருஷன் நிற்கிற இடத்தைப் பார்ப்போம். மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று, சந்தனம், பொரி. உன் அப்பா தன் செக்‌ஷன் பூஜையில் ஸ்பானர், சுத்தியலுக்கு நடுவே நம் குட்டி வண்டியையும் வைத்தார். அதற்கும் சந்தனம் வைத்துக் குங்குமமும் இட்டார்கள். வருகிறவர்கள் எல்லாம் குனிந்து பார்த்தார்கள். பாதுகாப்பு அதிகாரியும் வந்து குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. தகட்டில் விரலை வைத்து, "இது யார் செஞ்சது?" என்றார். உன் அப்பா பொரித் தட்டோடு சிரித்துக்கொண்டு, "என் சம்சாரம் சார்" என்றார். அந்தத் தகடு அப்போதுதான் சோதனையில் இருந்த மாற்றம், செக்‌ஷன் ஆட்களுக்கே முழுசாகத் தெரியாதது என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவருக்கே அந்த நேரத்தில் உறைக்கவில்லை. வண்டியைக் குங்குமத்தோடு எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாளிலிருந்து அவரை மெஷின் பக்கம் விடவில்லை. ஷிஃப்ட் ஷிஃப்டாக ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வேலையும் இல்லை, போகவும் முடியாது. கூப்பிட்டுக் கேட்பார்கள், திரும்ப உட்கார வைப்பார்கள். "சம்சாரம் போட்டது சார்" என்று சொன்னால், "பொண்டாட்டி மேல பழியைப் போடாதய்யா, உண்மையைச் சொல்லு" என்பார்களாம். தானே செய்ததாக அவர் பொய் சொன்னால் வேலை போகும். உண்மையைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். வேலை போனால் வீடு போகும், வீடு போனால் உன் பள்ளிக்கூடம் போகும், எல்லாமே ஒரே வேலிக்குள் இருந்ததால் எல்லாமே ஒன்றாகப் போகும். லைனில் பேச்சு நின்றுபோனது. குழாயடியில் நான் போனால் குடங்கள் நகர்ந்தன. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு பெண்பிள்ளை கண்ணால் பார்த்ததைக் கையால் செய்தாள் என்பது அவ்வளவு நம்ப முடியாத விஷயமா?

ஒரு காலையில் அவர்களே வீட்டுக்கு வந்தார்கள். அதிகாரி வாசலில் நின்றபடியே, "அம்மா, இதை நீங்க எங்க பார்த்தீங்க?" என்றார். நான் ஈரக் கையோடு, "வாங்க" என்று கொல்லைக்கு அழைத்துக்கொண்டு போனேன். கொடியில் உன் பள்ளிச் சட்டையும் பாவாடையும் தொங்கின. விலக்கிப் பிடித்தேன். எனக்கு என்ன சொல்வதென்று யோசிக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. பொட்டலின் மூலையிலிருந்து வண்டி உறுமிக்கொண்டு வந்தது, வேலியை ஒட்டித் திரும்பியது, தகடு முழுக்க நம் பக்கம். புகை இழையிழையாக. அவர் அது போய் மறைகிற வரைக்கும் பார்த்தார். "தினமும் இப்படித்தானா?" என்றார். "துணி காயப்போடுற நேரத்துக்குச் சரியா வரும் சார்" என்றேன். அவர் தப்பாக ஒன்றும் பேசவில்லை. உன் சட்டையை அவரே இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனார். அந்த வாரமே உன் அப்பா மெஷினுக்குத் திரும்பினார். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

தேங்காய் மூடி காய்வதற்குள் தகரம் வந்தது. முள்வேலியை ஒட்டி, எங்கள் லைன் முழுவதற்கும், இரண்டு ஆள் உயரத்துக்குத் தகரத் தடுப்பு. கம்பம் நட்டு, போல்ட் முடுக்கி, இடைவெளி இல்லாமல் அடைத்தார்கள். பொட்டல் போயிற்று. அத்தோடு மேற்கிலிருந்து வருகிற காற்றும் போயிற்று. சித்திரை வெயிலில் அந்தத் தகரம் காய்ந்து, கொல்லைக் கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடித்தது. துணி சீக்கிரம் காய்ந்தது என்ற ஒரு லாபம்தான். பெண்கள் யாரும் என்னிடம் நேராகச் சொல்லவில்லை, வள்ளியம்மா சொன்னாள். தலைவிரி கோலமாகக் கொல்லையில் விசிறிக்கொண்டு நின்று, "உன் பொம்ம வண்டிக்கு நாங்க இன்னாமே பாவம் பண்ணோம்? காத்து கூட வர்ல, உள்ள வெந்துகினு கீறோம்" என்றாள். அவள் திட்டியது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது, மற்றவர்கள் பேசவே இல்லையே. அன்றைக்கு நான் அழுதேன். வேலையும் வீடும் தப்பித்ததற்கு நன்றியாக இருக்க வேண்டியவள், ஒரு பொட்டலுக்காக அழுதேன் என்று சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்? நீதான் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

குட்டி வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். தகட்டில் நான் போட்ட துளைகள் அத்தனையிலும் மக்குப் பசை வைத்து அடைத்து, வழித்து, காய வைத்துக் கொடுத்தார்கள். யாரோ ஒரு ஆள் உட்கார்ந்து அதைச் செய்திருக்கிறான், பொறுமையாகத்தான் செய்திருக்கிறான். நீ அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, திரும்பப் போட்டுடலாம்மா" என்றாய். உன் அப்பா முதல் தடவையாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம். இனிமே அதைத் தொடாதே, எனக்காக" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பயந்து சொன்னார். அந்தப் பெஞ்சு அவருக்குள்ளேயே இருந்தது. வண்டியையும் பின் வைஸையும் பெட்டியில் போட்டுப் பீரோ மேல் ஏற்றினேன். அதற்குப் பிறகு நான் அம்பத்தூருக்குத் தனியாகப் பஸ் ஏறவில்லை. போக அவசியம் இல்லாமல் போயிற்று.

அடுத்த வருஷமோ என்னவோ, தூசி தட்டும்போது பெட்டியைத் திறந்து பார்த்தேன். பிட்டுகளில் தடிமனாக இருந்தது மட்டும் முனை மழுங்கிக் கிடந்தது. உன் அப்பாதான் செருப்பு வாரில் ஓட்டை போட எடுத்திருப்பார் என்று நினைத்துக் கேட்காமல் விட்டேன். அந்த நாட்களில் உன் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொப்புளம் வந்து பழுத்து நான் மஞ்சள் வைத்ததும் நினைவிருக்கிறது. ஸ்கிப்பிங் கயிறு என்றாய். பிறகு வளர்ந்தாய். எப்போது பார்த்தாலும் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாய். அந்த அனலில் இந்தப் பெண் எப்படி உட்காருகிறாள் என்று வள்ளியம்மா கேட்பாள். படிக்கிற பிள்ளைக்குச் சத்தம் ஆகாது என்று நான் பெருமையாகச் சொல்வேன்.

நேற்று கொடிக் கயிற்றை அவிழ்க்கப் போனேன். கல்லுக்குப் பின்னால் ஆணியில் முடிச்சு இறுகிப்போயிருந்தது, குத்துக்கால் போட்டு உட்கார வேண்டியதாயிற்று. முட்டி வலி தெரியுமே உனக்கு. உட்கார்ந்தவுடன் என் கண்ணுக்கு நேரே தகரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி. துருப்பிடித்து விழுந்த ஓட்டை என்றுதான் முதலில் நினைத்தேன். விரலால் தடவினேன். ஆணி வைத்து அடித்திருந்தால் தகரம் கிழிந்து அந்தப் பக்கம் விரிந்திருக்கும். இது வட்டம். விளிம்பில் பிசிறு இல்லை, ஒரு சுற்றுச் சுற்றி எடுத்திருக்கிறது. பக்கத்திலேயே ஒரு குறி, முதலில் குத்தி வேண்டாமென்று விட்டது. பிளாஸ்டிக்குக்கான பிட்டை வைத்து, விரலால் உருட்டி உருட்டித் தகரத்தைத் துளைத்திருக்கிறாய். எத்தனை நாள் ஆனதோ உனக்கு. மழுங்கின பிட்டும் பழுத்த விரலும் எனக்கு அப்போதுதான் சேர்ந்து வந்தன.

பிறகு கண்ணை வைத்துப் பார்த்தேன். நீயும் அந்த வண்டிகளைத்தான் பார்த்திருப்பாய் என்று நினைத்தேன். அந்தத் துளையிலிருந்து வண்டி ஓடுகிற தடம் தெரியவே இல்லை, கருவேலம் மறைக்கிறது. இரண்டு கொட்டகைகளுக்கு நடுவே ஒரு சந்து, சந்தின் முடிவில் ரயில் தண்டவாளம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரக்கோணம் பக்கம் ஒரு ரயில் போனது, ஜன்னலில் ஆட்கள் தெரிந்தார்கள். நான் சுற்றிச் சுற்றி வருகிறதைப் பார்த்தே திருப்திப்பட்டுக்கொண்டேன். நீ திரும்பி வராததைத் தேடிப் பிடித்திருக்கிறாய். பூனாவில் வேலை என்று கடிதம் வந்தபோது நீ யோசிக்காமல் கிளம்பியதற்கு எனக்கு இத்தனை வருஷம் கழித்துக் காரணம் கிடைத்தது. பெருமையாக இருந்தது. அதே நேரம், அப்படிப்பட்டவள் இன்றைக்குப் பொழுது போகவில்லை என்கிறாளே என்று பயமாகவும் இருந்தது.

குழந்தைக்காக வேலையை விட்டாய், சரி. யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்றும் சொன்னாய், நம்புகிறேன். என்னையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பால் வாசலுக்கு வருகிறது, காய்கறி வாசலுக்கு வருகிறது, கீழே இறங்கியே எத்தனையோ நாளாயிற்று என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்குத் தகரம் முடுக்குகிற சத்தம் கேட்டது. பால்கனிக்கு மாப்பிள்ளை பாதுகாப்புக்காகக் கம்பி வலை போட்டிருக்கிறார் என்றாய். மாப்பிள்ளை, உங்களைக் குறை சொல்லவில்லை. அன்றைக்குத் தகரம் அடித்தவர்களும் பாதுகாப்புக்காகத்தான் அடித்தார்கள். விமானம் வாங்கிக் கொடுத்ததற்குச் சந்தோஷம். வாரத்தில் ஒரு நாள் குழந்தையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அவள் இறங்கிப் போகட்டும். பிட் வாங்கத்தான் போகிறாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மலர், கருவியை மாப்பிள்ளையிடம் எழுதிக் கொடுத்து வாங்கிவரச் சொல்லாதே. பெயர் தெரியாத தெருவில் நீயே நாலு கடை ஏறி இறங்கு. தப்பான பிட் வாங்கி உடை, திரும்பவும் போ.

இன்று காலை பெட்டியிலிருந்து குட்டி வண்டியை எடுத்தேன். சந்தனம் இன்னும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன் மழுங்கின பிட் தகட்டின் துளைகளுக்குப் பெரிது, அதனால் மெல்லிய பிட்டைப் பின் வைஸில் மாட்டினேன். மக்கு பழசாகி இறுகிவிட்டது, ஆனாலும் மக்குதானே, உருட்ட உருட்ட மாவாக உதிர்ந்தது. முதல் துளை திறந்ததும் உன் அப்பா கையிலிருந்த சாக்கைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார். "யாராவது பாத்துட்டா?" என்றார். இந்த மாதத்தோடு வேலையே முடிகிறவர், இன்னும் அதையே கேட்கிறார். "பாக்கட்டும்" என்றேன். அவர் போய் ஜன்னலைச் சாத்தினார். என்ன செய்வது, அவர் அவ்வளவுதான் என்று நினைத்து நான் உருட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வண்டி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடிக்குள் எனக்குத் தண்ணீர் கட்டியபோது, "நிறுத்து, துடைச்சிக்கோ" என்றார்.

எல்லாவற்றையும் திறந்துவிட்டோம், ஒன்றைத் தவிர. கீழ் வரிசையில் கடைசித் துளையை மக்கோடு அப்படியே விட்டுவைத்திருக்கிறேன், அது உனக்கு. தபாலில் அனுப்பினால் பீரங்கி முறிந்துவிடும். அடுத்த மாதம் வேப்பம்பட்டில் சாமான் இறக்கியதும் நானே சென்ட்ரலில் பூனா ரயிலேறிக் கொண்டு வருகிறேன். உன் அப்பா துணைக்கு வருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆவடியைத் தாண்டும்போது தகரத்துக்கு அந்தப் பக்கம் இருப்பேன். நீ ஸ்டேஷனுக்கு இறங்கி வந்து என்னை அழைத்துப் போ.

அம்மா